ஆறு நாள் ஆராதனை

கிறிஸ்தவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஆலயத்துக்கு உரிய நாள். அன்று காரியாலயம் பூட்டியிருக்கும், பேரேடு மூடியிருக்கும். வெளுத்த உடை உடுத்திக் குடும்பத்துடன் கோயிலுக்குச் செல்வார்கள். பிரசங்கம் கேட்பார்கள், கீதம் பாடுவார்கள், காணிக்கைப் பையில் தங்களால் இயன்றதை இட்டு வீடு திரும்புவார்கள். மறுநாள் பொழுது விடிந்தால் திங்கட்கிழமை. மூடியிருந்த பேரேடு விரிகிறது. தராசு மேலே எழுகிறது. கொள்வதும் கொடுப்பதும் தொடங்குகின்றன. சனிக்கிழமை இரவு வரையில் உள்ள அந்த ஆறு நாட்களில் ஆண்டவனுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வி கிறிஸ்தவர்களை மட்டும் சேர்ந்ததென்று எண்ணிவிட வேண்டாம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுச் சனிக்கிழமை கலப்பட நெய்யை நிறுத்துக் கொடுக்கிறவரும், ஏகாதசியன்று பட்டினி கிடந்துவிட்டுத் துவாதசியன்று ஏழைக் கடன்காரனிடம் வட்டிக்கு வட்டி வாங்குகிறவரும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களே. ஆனால் இந்தக் கேள்வியைத் தம்முடைய தொழிலுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்து, முப்பது வருஷங்களுக்கு மேல் அதற்கு விடை தேடிய கிறிஸ்தவர் ஒருவர் தமிழ் நாட்டில் பிறந்தார். அவர் பாதிரியார் அல்லர். மடத்துத் துறவியும் அல்லர். அவர் கணக்குப் பரிசோதகர். ஜே. ஸி. குமரப்பா என்பது அவர் பெயர்.

தஞ்சையிலிருந்து நியூயார்க் வரை

1892-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 4-ஆந் தேதி தஞ்சாவூரில், பக்தி மிகுந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். பிள்ளைக்கு இட்ட பெயர் ஜோஸப் செல்லத்துரை கார்னீலியஸ். அக்காலத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் இருந்தது போலவே, நடையிலும் உடையிலும் ஆங்கிலேய நாகரிகம் அந்த வீட்டிலும் குடிகொண்டிருந்தது. செல்லத்துரை லண்டனுக்குச் சென்று கணக்குப் பரிசோதனைத் தொழிலைக் கற்றுத் தேறினார். முதல் உலக யுத்த காலத்தை அங்கேயே கழித்துவிட்டுப் பம்பாய்க்குத் திரும்பி, அங்கே தொழில் நடத்தினார். நல்ல வருமானம், நேர்த்தியான ஐரோப்பிய உடை, கம்பெனிக்காரர்களிடையே செல்வாக்கு. இவற்றோடு ஆயுளைக் கழித்திருந்தால் அவரைப் பற்றி இன்று எழுதுவதற்கு ஒன்றும் இராது.

1927-ல் அவர் அமெரிக்கா சென்றார். ஸிரக்யூஸ் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகம் படித்தார். பிறகு நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். அப்போது ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற விஷயத்தைப் பற்றி அவர் உபந்நியாசம் செய்தார். அதன் விவரம் பத்திரிகையில் வெளிவந்தது. அவருடைய ஆசிரியரான பேராசிரியர் ஸெலிக்மன் என்ற பொருளாதார நிபுணர் அதைப் படித்துவிட்டு, அந்தக் கேள்வியையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி கூறினார்.

செல்லத்துரை கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்தியாவின் வரிப்பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பத்தி பத்தியாகப் பார்த்துக்கொண்டு போனார். உழவனிடம் வாங்கிய பணம் பட்டாளத்துக்கும், பெரிய உத்தியோகஸ்தர் சம்பளத்துக்கும், கடல் கடந்த கடனுக்கு வட்டிக்கும் போய்க்கொண்டிருந்தது. கொடுத்தவனுக்குத் திரும்பி வந்ததோ மிகச் சொற்பம். ஒரு கம்பெனியின் கணக்கு இப்படி இருந்தால் பரிசோதகர் கையெழுத்துப் போட மறுப்பார். ஒரு சாம்ராஜ்யத்தின் கணக்கு இப்படி இருந்தால் மட்டும் தலையசைத்துவிட்டுப் போகலாமா? தொழிலிலே தாம் கற்ற நேர்மையும், வேதத்திலே தாம் கற்ற நீதியும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை அவர் கண்டது அப்போதுதான்.

சாணம் மெழுகிய தரையில்

அந்த ஆராய்ச்சியை அச்சிடுவது சம்பந்தமாக மகாத்மா காந்தியைப் பார்க்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். 1929-ஆம் வருஷம் மே மாதம் 9-ஆந் தேதி செல்லத்துரை சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். பட்டுத்துணியில் தைத்த மேனாட்டு உடையும் கையிலே தடியுமாக அவர் நடந்து வந்தபோது, மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். சந்திப்புக்குக் குறித்த நேரத்துக்கு இன்னும் சில நிமிஷங்கள் இருந்தன. ஆகையால் செல்லத்துரை தடியை ஊன்றிக்கொண்டு நின்று அந்த நூற்பை வேடிக்கை பார்த்தார். கிழவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவருடைய பெயரைச் சொல்லி, அவர்தாமா என்று விசாரித்தார். அப்போதுதான் தாம் பார்க்க வந்தவர் இவரே என்பது வந்தவருக்கு விளங்கிற்று. மடிப்புக் கலையாத பட்டு நிஜாருடன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று தரையில் உட்கார்ந்தவர் பிறகு நாற்காலியை நாடவில்லை. பம்பாய்த் தொழிலை விட்டார், கதர் உடுத்தார், கார்னீலியஸ் என்ற பெயரை நீக்கி, குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பா என்பதை எடுத்துக்கொண்டார். அவருடைய சகோதரர் பாரதன் குமரப்பாவும் பின்னர் அதே வழியில் வந்து சேர்ந்தார். பெயர் மாறியதே தவிர மதம் மாறவில்லை. இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். காந்தியடிகளிடம் சென்றதனால் தாம் கிறிஸ்துவை விட்டு விலகியதாகக் குமரப்பா ஒரு நாளும் நினைக்கவில்லை. கிறிஸ்துவின் சமீபத்தில் வந்துவிட்டதாகவே நினைத்தார்.

காந்தியடிகள் அவருக்குக் கொடுத்த முதல் வேலை குஜராத்தில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த மாதர் தாலுகாவின் பொருளாதார நிலைமையை ஆராய்வது. குஜராத்தி பாஷை அவருக்குத் தெரியாது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணையாகக் கொண்டு ஐம்பத்து நான்கு கிராமங்களின் நிலைமையைத் திரட்டினார். எந்த வீட்டில் எத்தனை வாய், எவ்வளவு நிலம், எவ்வளவு விளைவு, எவ்வளவு வரி, எவ்வளவு கடன் என்று விசாரித்து எழுதினார்கள். லண்டனில் கம்பெனிகளின் ஐந்தொகையைச் சரிபார்த்த கண், இப்போது குடியானவனின் கூரையின்கீழ் இருந்த வரவு செலவைச் சரிபார்த்தது. ஏழையின் பசியை உபதேசமாகச் சொல்வது எளிது. அதை எண்ணிக்கையாக எழுதி, மறுக்க முடியாத கணக்காக மேஜைமீது வைப்பதே குமரப்பாவின் தொண்டு.

அத்தியட்சருக்கு ஒரு கடிதம்

1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தது. நிராயுதபாணிகளான தொண்டர்களின் தலைமீது தடிகள் விழுந்தன. அடித்த ஆட்சி தன்னைக் கிறிஸ்தவ ஆட்சி என்று சொல்லிக்கொண்டது. அடிபட்டவர்களோ ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டும் விரதத்தை மேற்கொண்டிருந்தார்கள். இந்த விபரீதத்தைக் கண்டு ஒரு கிறிஸ்தவன் எப்படி மௌனமாக இருக்க முடியும்?

குமரப்பா மௌனமாக இருக்கவில்லை. கிறிஸ்தவ ஊழியர்களுக்கும் மிஷனரிகளுக்கும் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். ஆங்கிலிக்கன் சபையின் இந்தியத் தலைமை அத்தியட்சராயிருந்த பாஸ் வெஸ்ட்காட் அவர்களுடன் கடிதப் போர் தொடுத்தார். சட்ட மறுப்பு கிறிஸ்துவின் வழிக்கு ஒவ்வாது என்பது அத்தியட்சரின் கட்சி. அநீதியை எதிர்த்துத் தம் உடம்பின்மீதே துன்பத்தை ஏற்றுக்கொள்வதுதான் சிலுவையின் வழி என்பது குமரப்பாவின் கட்சி. சபைத் தலைவர் ஒரு பக்கம், சபையின் சாதாரண அங்கத்தினர் ஒருவர் மறு பக்கம். அரசாங்கத்தின் நிழலில் வளர்ந்த சபைக்கு அந்தச் சாதாரண அங்கத்தினரின் குரல் கசப்பாகத்தான் இருந்திருக்கும்.

அக்காலத்தில் இந்தியக் கிறிஸ்தவன் நிலை தர்மசங்கடமானது. தேசீயவாதிகளில் சிலர் அவனை வெள்ளைக்காரனின் பிள்ளை என்று ஐயுற்றார்கள். சபையில் சிலரோ, கதர் கட்டினால் அவன் விசுவாசம் கெட்டுவிட்டதென்று ஐயுற்றார்கள். இரண்டு ஐயங்களுக்கும் வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. வாழ்ந்து காட்டுவது ஒன்றே வழி. அப்படி வாழ்ந்து காட்டியவர்கள் குமரப்பாவைத் தவிர வேறு சிலரும் உண்டு. வட ஆற்காட்டுத் திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு வைத்தியர்கள் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காத்லாந்துக்காரர். இருவரும் கதர் உடுத்து, விவாகம் செய்துகொள்ளாமல், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் தமிழ் நாட்டுக் கோயிலின் அமைப்பிலேயே அமைந்தது. 1932-ல் சென்னையில் மறியல் நடந்த வீதியிலே கதருடன் நின்றுகொண்டிருந்த பேட்டனைப் போலீஸார் தடியால் அடித்தார்கள். விஷயம் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரையில் போயிற்று. கதர் உடுத்த வெள்ளைக்காரப் பாதிரி அடிபட்ட பிறகுதான், அந்தத் தடிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பது சீமையில் சிலருக்கு விளங்கிற்று போலும்!

குமரப்பாவும் தப்பவில்லை. காந்தியடிகளின் 'யங் இந்தியா' பத்திரிகையை நடத்தியதற்காகச் சிறை சென்றார். அதே 1931-ல், இந்தியாவின் பேரில் பிரிட்டன் எழுதி வைத்திருந்த கடன்களைப் பரிசீலிக்கக் காங்கிரஸ் நியமித்த கமிட்டியின் அமைப்பாளராகவும் இருந்தார். இந்தியாவுக்கு வெளியே நடந்த யுத்தங்களின் செலவுகூட இந்தியன் தலையிலே கடனாக ஏறியிருந்ததை அந்தக் கமிட்டி எடுத்துக் காட்டிற்று. பிறன் செய்த செலவுக்கு ஏழையைக் கடனாளியாக்குவது சாம்ராஜ்யத்தின் வழக்கம். அதைக் கண்டுபிடித்து எழுதுவது கணக்குப் பரிசோதகரின் கடமை.

மூன்று அணா

குமரப்பாவின் வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவம் ஒன்று உண்டு. 1934-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 15-ஆந் தேதி பீஹாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. வீடுகள் சரிந்தன, ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள், விளைநிலங்களில் பூமியைப் பிளந்துகொண்டு மணல் கொட்டிற்று. ராஜேந்திர பிரஸாதின் தலைமையில் நிவாரணக் கமிட்டி அமைந்தது. நாலா பக்கங்களிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. இவ்வளவு பணம் சேரும் இடத்தில் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டுமே! குமரப்பாவை அழைத்துப் பொருளாலோசகராக நியமித்தார்கள்.

நிவாரண வேலை செய்யும் தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று அணாவுக்குமேல் செலவாகக் கூடாது என்று அவர் திட்டம் செய்தார். எல்லாரும் அதற்கு உட்பட்டார்கள். இதற்கிடையே காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் பாட்னாவுக்கு வந்தார். காந்தியடிகளின் ஆகாரம் எளியதுதான். ஆனால் ஆட்டுப்பாலும் பழமும் மூன்று அணாவுக்குள் அடங்குமா? கூட வந்தவர்களின் செலவும், மோட்டார் வண்டிக்குப் பெட்ரோல் செலவும் வேறு. குமரப்பா நேரே மகாதேவ தேசாயிடம் சென்று, இந்தச் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுப்பதற்கில்லை. வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

தேசாய் திகைத்துப் போனார். காந்தியடிகளைப் பார்த்தா இப்படிச் சொல்வது! செய்தி காந்தியடிகளிடம் சென்றது. அவர் குமரப்பாவை அழைத்து விசாரித்தார். குமரப்பா தம் நியாயத்தைச் சொன்னார். பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்காக ஜனங்கள் கொடுத்த பணம் இது, ஒருவருக்கு விலக்கு அளித்தால் விதி நிற்காது, யாராயிருந்தாலும் ஒன்றே. காந்தியடிகள் அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டார். தமக்கும் தம் பரிவாரத்துக்கும் ஆகும் செலவைத் தனியாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

இந்தக் கதையை வாசிக்கிறவர்களுக்குக் காந்தியடிகளின் பெருந்தன்மையே முதலில் கண்ணில் படும். ஆனால் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். குமரப்பா யாரைத் தம் குருவாக வரித்திருந்தாரோ, யாருக்காகத் தொழிலையும் சுகத்தையும் விட்டாரோ, அவரிடமே போய், "உங்களுக்குக் கொடுப்பதற்கில்லை" என்று சொன்னார். எதிரியிடம் நேர்மையாக இருப்பது சுலபம். நமக்கு மிகவும் பிரியமானவர்களிடம் இருப்பதுதான் கடினம். அன்றாடத் தொழிலில் தெய்வ பயம் என்பது வானத்திலிருந்து இடிமுழக்கத்தோடு வருவதில்லை. ஒரு ரசீதில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்ற உருவத்தில்தான் வருகிறது.

கோகோவில் என்ன இருக்கிறது?

அதே 1934-ஆம் வருஷக் கடைசியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் பிறந்தது. அதன் காரியதரிசி குமரப்பா. வார்தாவில் மகன்வாடி என்ற தோட்டத்தில் சங்கம் வேலையைத் தொடங்கிற்று. கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனை வெல்லம், தேனீ வளர்ப்பு, கைக் காகிதம் — இவைதான் அங்கே ஆராய்ச்சிப் பொருள்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கும் அங்கேதான் உருவாயிற்று. 1938-ல் கிராமக் கைத்தொழில்களுக்கென்று ஒரு காட்சிசாலையும் திறக்கப்பட்டது. லண்டனில் தேர்ந்த பரிசோதகர் தவிட்டையும் பிண்ணாக்கையும் பற்றி எழுத உட்கார்ந்ததைக் கண்டு சிரித்தவர்கள் இருந்திருக்கலாம். அவர் எழுதியதைப் படித்தால் சிரிப்பு வராது.

அரிசியை ஆலையில் தீட்டினால் என்ன ஆகிறது? மேல்தோலோடு ஜீவசத்தும் போய்விடுகிறது; வெள்ளை அரிசியையே நம்பியிருக்கிறவனைப் பெரிபெரி என்னும் நோய் பற்றுகிறது. அதோடு, நெல் குத்தி வயிறு வளர்த்த ஏழைப் பெண்ணின் கையிலிருந்து உலக்கை பறிபோகிறது. ஆகவே அரிசியின் வெள்ளை நிறத்துக்கு நாம் கொடுக்கும் விலை கடைக்காரன் கேட்கும் விலை மட்டுமன்று. பனை மரத்தின் விஷயமும் இப்படியே. நல்ல நஞ்சையில் கரும்பு போட்டுச் சர்க்கரை காய்ச்சுவதைவிட, தரிசிலே தானாக வளரும் பனையின் பதநீரை வெல்லமாக்கினால், நஞ்சையில் நெல் விளையும். மது விலக்கினால் பிழைப்பிழந்த மரமேறியின் வீட்டிலும் அடுப்பெரியும். இதுதான் அவர் கணக்குப் போடும் விதம்.

அவருடைய எழுத்தில் கோகோவைப் பற்றி ஓர் உதாரணம் வருகிறது. ஒருவர் காலையிலே ஒரு கோப்பை கோகோ அருந்துகிறார். யாருக்கும் அதனால் தீங்கில்லை என்றுதான் அவர் நினைக்கிறார். ஆனால் அந்தக் கோகோ மேற்கு ஆப்பிரிக்காவில், கறுப்பு மனிதர்களைக் கட்டாயப்படுத்தி வாங்கிய உழைப்பில் விளைந்ததாக இருக்கலாம். பலாத்காரத்தினால் கைப்பற்றிய கடல் மார்க்கத்தில் கப்பலேறியிருக்கலாம். குறைந்த கூலிக்கு உடம்பை வருத்தும் தொழிலாளிகள் அதைப் பதப்படுத்தியிருக்கலாம். ஆட்சியின் பலத்தினால் குறைந்த சுங்கத்தில் நம் துறைமுகத்தில் இறங்கியிருக்கலாம். காசைக் கொடுத்து வாங்கியவுடன் இந்தப் பாவச் சங்கிலி முழுவதிலும் வாங்கியவர் ஒரு கண்ணியாகிவிடுகிறார். தொலைவில் நடப்பது தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. தெரிந்துகொள்ள முடியாத தூரத்திலிருந்து சாமான் வாங்குவதே தவறு என்பது அவர் வாதம். பக்கத்துக் கிராமத்துச் செக்கில் எண்ணெய் வாங்கினால், செக்காட்டுகிறவனின் குழந்தை பசித்திருக்கிறதா என்பதை நாமே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

பணத்தைப் பற்றியும் அவர் இப்படியே யோசித்தார். வாழைப்பழக் கூடையோடு வாசலில் வந்து நிற்கிறாள் ஒருத்தி. வீட்டு அம்மாளின் கையில் காசு இருக்கிறது. பேரம் நடக்கிறது. பழம் இரண்டு நாளில் அழுகிவிடும், காசு அழுகாது. ஆகவே, காசு வைத்திருப்பவர் காத்திருக்கலாம். பழம் வைத்திருப்பவளால் முடியாது. பேரத்தில் நாம் 'கெட்டிக்காரத்தனமாக' ஜயிப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த அழுகாத காசின் பலத்தினால்தான். இதைப் படித்த பிறகு வாசலிலே பேரம் பேசும்போது நாக்குக் கொஞ்சம் கூசுமா, இல்லையா?

சிறையில் பிறந்த இரண்டு நூல்கள்

1942-ஆம் வருஷப் போராட்டத்தைத் தொடர்ந்து குமரப்பா மறுபடியும் சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது அவர் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றொன்று இயேசுவின் வாழ்க்கையையும் போதனையையும் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை அளித்தார். பொருளாதார நூலின் முன்னுரையில் குமரப்பாவை நம் கிராமக் கைத்தொழில்களின் டாக்டர் என்று குறிப்பிட்டார். கொலம்பியா கொடுக்காத டாக்டர் பட்டத்தைக் காந்தியடிகள் கொடுத்துவிட்டார்!

இரண்டு விஷயங்களையும் ஒரே சிறையறையில் உட்கார்ந்து எழுதியது தற்செயலன்று. அவருக்கு அவை இரண்டு விஷயங்களே அல்ல. பொருளாதார நூலில் உயிர்களின் வாழ்க்கை முறைகளை அவர் ஐந்து படிகளாகப் பிரிக்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலியின் வாழ்வு முதற்படி. வளர்க்காத மாந்தோப்பில் புகுந்து பழத்தைப் பறிக்கும் குரங்கின் வாழ்வு இரண்டாவது படி. தேனை எடுத்தாலும் பூவுக்கு மகரந்தம் சேர்த்து நன்மை செய்யும் தேனீயின் உழைப்பு மூன்றாவது. தனக்கென்று இல்லாமல் கூட்டுக்கெல்லாம் தேன் சேர்க்கும் வாழ்வு நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை தேடிக் கொண்டுவரும் தாய்ப்பறவையின் வாழ்வு ஐந்தாவது, அதுவே உச்சி.

பாமரனும் தன் வாழ்வை எடை போட்டுப் பார்க்கக்கூடிய தராசு இது. நம்முடைய சம்பாத்தியம் எந்தப் படியைச் சேர்ந்தது? புலிப் படியிலே சம்பாதித்துவிட்டு, தாய்ப்பறவையின் படியிலே தர்மம் செய்வதாக எண்ணிக்கொள்ளும் தனவந்தர்கள் எல்லா மதத்திலும் உண்டு. குமரப்பாவின் கணக்கில் அந்தத் தர்மம் வரவில் ஏறாது. எப்படிச் சம்பாதித்தாய் என்பதே முதல் கேள்வி. எப்படிக் கொடுத்தாய் என்பது பிறகுதான். கிறிஸ்தவர்கள் அன்றன்றுள்ள ஆகாரத்தைத் தரும்படி தினந்தோறும் ஜபிக்கிறார்கள். அந்த ஆகாரம் பிறனுடைய பசியிலிருந்து எடுக்கப்பட்டதாக இருந்தால் அந்த ஜபத்துக்கு என்ன பொருள்?

கல்லுப்பட்டியில்

சுதந்திரம் வந்தது. குமரப்பாவுக்கு ஓய்வு வரவில்லை. காங்கிரஸ் நியமித்த நிலச் சீர்திருத்தக் கமிட்டிக்கு அவர் தலைவரானார். 1949-ல் அந்தக் கமிட்டி, உழுகிறவனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவிலே இருக்கும் இடைத்தட்டுக்காரர்கள் நீங்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. பெரிய ஆலைகளையும் பெரிய அணைகளையும் நோக்கிப் புதிய இந்தியா விரைந்தபோது, அவர் கிராமத்தின் பக்கமே நின்று கண்டித்துக்கொண்டிருந்தார். வார்த்தையில் காரம் உள்ளவர், தாட்சண்யம் அறியாதவர். அதிகாரத்தில் அமர்ந்த பழைய நண்பர்களுக்கு அவருடைய நேர்மை சங்கடமாகவே இருந்தது. கடைசிக் காலத்தில் மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து ஒரு சிறு குடிசையில் தங்கினார்.

அந்தக் குடிசையில் காந்தியடிகளின் படம் ஒன்று இருந்தது. ஏழைக் கிராமவாசி ஒருவனின் படமும் இருந்தது. பாத யாத்திரையாக அங்கே வந்த வினோபாவுக்கு அவர் படங்களைக் காட்டினார். காந்தியடிகளைத் தம் எஜமானர் என்றும், அந்தக் கிராமவாசியைத் தம் எஜமானரின் எஜமானர் என்றும் சொன்னாராம். சுவிசேஷத்தைப் படித்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இராது. பசித்தவனுக்கும் தாகமுள்ளவனுக்கும் செய்ததையே தமக்குச் செய்ததாக இயேசு ஏற்றுக்கொள்வதாக அல்லவா அங்கே சொல்லியிருக்கிறது?

1960-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 30-ஆந் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் குமரப்பா காலமானார். விவாகம் செய்துகொள்ளாதவர், சொத்தென்று ஒன்றும் சேர்க்காதவர்.

நம் வீட்டுப் பேரேடு

இங்கே நேயர்களில் சிலர் குறுக்கிடலாம். "அவர் பிரம்மசாரி, ஆசிரமவாசி. நாங்கள் குடும்பஸ்தர்கள். வாங்குகிற ஒவ்வொரு சாமானுக்கும் வமிசாவளி விசாரித்துக்கொண்டிருந்தால் வீட்டில் அடுப்பு எரியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குமரப்பாவின் கண்டிப்பு முழுவதையும் எல்லாராலும் கடைப்பிடிக்க முடியாது. அவர் வெறுத்த யந்திரங்களில் சில ஏழையின் முதுகுச் சுமையைக் குறைத்தும் இருக்கின்றன. இதை மறைப்பதற்கில்லை.

ஆனால் முழுவதும் முடியாது என்பதற்காகச் சிறிதும் செய்யாமல் இருப்பது எந்தக் கணக்கில் சேரும்? கூலியைப் பாக்கி வைக்காமல் அன்றே கொடுக்கலாம். கூடைக்காரியிடம் கடைசிக் காசு வரையில் பேரம் பேசாமல் இருக்கலாம். சங்கத்துப் பணத்தையும் கோயில் பணத்தையும் கையாளுகிறவர்கள் சொந்தச் செலவையும் பொதுச் செலவையும் ஒரே பையில் போடாமல் இருக்கலாம். மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு சாமானைக் கையில் எடுக்கும்போது, இதன் விலையில் பாக்கியை யார் கொடுத்தார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கலாம். இவற்றுக்குத் துறவு வேண்டியதில்லை, ஆசிரமம் வேண்டியதில்லை. மூன்று அணாவுக்கு மேல் கொடுப்பதற்கில்லை என்று சொல்லும் நெஞ்சுரம் மட்டும் வேண்டும்.

ஆலயத்தில் ஏறும் தூபம் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். நேர்மையாக எழுதிய கணக்கு, எழுதியவர் போன பிறகும் நிற்கும். வாரத்தில் ஒரு நாள் கை கூப்புவதற்கு மதம் கற்பிக்கிறது. மற்ற ஆறு நாளும் அந்தக் கை என்ன செய்கிறது என்பதையே ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பினார், தஞ்சாவூரில் பிறந்த அந்தக் கணக்குப் பரிசோதகர்.